தேதியை நீங்களே குறியுங்கள்

அன்புள்ள அறைத் தோழர்களுக்கும், சோனாப்பூர், அல்கூஸ், ஜெபல் அலி, ஷார்ஜா சஜா என்று எந்த கேம்பில் இருந்தாலும் நம்மைப் போலக் கட்டிலுக்கு அடியில் பெட்டியை வைத்துக்கொண்டு வாழும் தமிழ்நாட்டுச் சகோதரர்களுக்கும்,

என் விசா கேன்சலுக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அடுத்த வாரம் ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு விமானம். இந்த முறை லீவுக்குப் போகவில்லை, ஒரேயடியாகப் போகிறேன்.

நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நம் அறையில் எல்லோரும் சேர்ந்தாற்போல் விழித்திருக்கும் நேரம் என்று ஒன்று உண்டா? நைட் ஷிப்ட் முடித்து ஒருவர் வந்து படுக்கும்போது, இன்னொருவர் சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார். முன்பு வெள்ளிக்கிழமை கிடைத்த விடுமுறை 2022-க்குப் பிறகு ஞாயிறுக்கு மாறியது. அந்த ஒரு நாளிலும் துணி துவைத்து, முடி வெட்டி, எக்ஸ்சேஞ்சில் வரிசையில் நின்று பணம் அனுப்பி, போட்டிம்மில் வீட்டோடு பேசி முடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். அறையில் இல்லாதவர்களுக்கும் இது போய்ச் சேரட்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஊருக்குத் திரும்பும் தேதியை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி குறித்துக் கொடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வந்து குறிக்க விடாதீர்கள்.

நான் வந்து இறங்கியபோது துபாயில் மெட்ரோ கிடையாது. இன்று உலகமே அண்ணாந்து பார்க்கும் புர்ஜ் கலீஃபா அப்போது பாதிகூட எழவில்லை. பெயரும் புர்ஜ் துபாய் என்றுதான் இருந்தது. வேலைக்குப் பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு வாரமும் அது எத்தனை மாடி ஏறியிருக்கிறது என்று எண்ணுவோம். 2008 கடைசியில் அமெரிக்காவில் வங்கிகள் விழுந்தன. இங்கே கிரேன்கள் நின்றன. நம்மவர்களில் எத்தனையோ பேர் அப்போது பெட்டி கட்டினார்கள். விசாவுக்கு வாங்கிய கடனில் பாதியைக்கூட அடைக்காதவர்கள் அதில் இருந்தார்கள். மறு வருஷம் செப்டம்பர் 9-ஆம் தேதி மெட்ரோ ஓடியது. 2010 ஜனவரி 4-ஆம் தேதி 828 மீட்டர் கோபுரத்தைத் திறந்தார்கள். வாணவேடிக்கையைக் கேம்ப் மொட்டை மாடியிலிருந்து பார்த்தோம். அதற்குக் கம்பி கட்டியவர்களில் சிலர் அதற்குள் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அடுத்த அடி 2020-இல் விழுந்தது. கொரோனாவில் விமானங்கள் நின்றுபோய், மே 7-ஆம் தேதி வந்தே பாரத் விமானங்கள் தொடங்கும் வரை, வேலையும் இல்லாமல் ஊருக்கும் போக முடியாமல் அறைக்குள் அடைந்து கிடந்தவர்களை நீங்களும் பார்த்தீர்கள். இந்த இரண்டு முறையும் போனவர்களில் தேதியைத் தானே குறித்தவர் ஒருவர்கூட இல்லை.

ஏன் குறிப்பதில்லை? நமக்குக் காரணம் தீர்வதே இல்லை. முதலில் ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி. அது அடைவதற்குள் தங்கச்சி கல்யாணம். அப்புறம் ஓட்டு வீட்டைப் பிரித்து மாடி வீடு. அப்புறம் நம் கல்யாணம், பிள்ளைகள், இங்கிலீஷ் மீடியம், ஹாஸ்டல், இன்ஜினியரிங் காலேஜ். அது முடிந்தால் மகளுக்கு நகை. இவற்றில் எதையும் வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டு வீட்டில் பிறந்தவன் மாடி வீடு கட்ட ஆசைப்படுவது நியாயம்தான். கூலிக்காரர் மகள் பட்டம் வாங்குவது அதைவிடப் பெரிய நியாயம். ஆனால் இந்தப் பட்டியல் தானாக முடியாது. ஊரில் இருப்பவர்கள் நிறுத்தச் சொல்லமாட்டார்கள். நம் சம்பளம் எவ்வளவு என்றே அவர்களுக்குத் தெரியாதே, எப்படிச் சொல்வார்கள்? கம்பெனிக்கும் தேவை உள்ளவரை நாம் வேண்டும். ஆக, நிறுத்த வேண்டிய ஆள் நாம்தான். நாமோ ஒவ்வொரு விசா புதுப்பிப்பிலும் "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்கிறோம்.

தென்காசி அண்ணனை நினைத்துப் பாருங்கள். பிராஞ்சையே மூடுகிறோம் என்று ஒரு வியாழக்கிழமை சொன்னார்கள். கார்கோவில் போட எடுத்து வைத்திருந்த சாமானைப் பக்கத்து அறைக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கீழக்கரை பாய்க்கு சேப்டி ஷூ கடித்த புண். சர்க்கரை இருப்பதே அவருக்குத் தெரியாது. புண் ஆறாமல், விரல் போய், பாதம் போய், சக்கர நாற்காலியில் விமானம் ஏறினார். கும்பகோணத்துத் தம்பி ராத்திரி போனில் பிள்ளையிடம் சிரித்துப் பேசிவிட்டுப் படுத்தவன், காலையில் எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு போலீஸ் காகிதம், இறப்புச் சான்றிதழ், தூதரகக் கடிதம், விசா ரத்து, முஹைஸ்னாவில் உடலைப் பதப்படுத்தும் இடம் என்று நாம் அலைந்தது உங்களுக்கு மறந்திருக்காது. அஜ்மானில் இருக்கும் கேரளத்துக்காரர் அஷ்ரப் தாமரசேரி, இப்படி இறந்தவர்களின் உடல்களை ஊருக்கு அனுப்புவதையே பல வருஷமாகத் தன் வேலையாகச் செய்துவருகிறார். அதற்காக 2015-இல் இந்திய அரசு அவருக்குப் பிரவாசி பாரதிய சம்மான் விருது கொடுத்தது. அந்த விருதுக்கு அவர் முழுக்கத் தகுதியானவர். ஆனால் ஒரு மனிதர் தன் வாழ்நாளையே இதற்குக் கொடுக்கவேண்டிய அளவுக்கு நம் ஆட்கள் சரக்குப் பிரிவில் ஊர் திரும்புகிறார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

இனி காசு விஷயம். இதைப் பொறுமையாகப் படியுங்கள். நம்மில் பாதிப் பேர் "சர்வீஸ் பணம் வருமில்ல, பாத்துக்கலாம்" என்று இருக்கிறோம். எவ்வளவு வரும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் மிகக் குறைவு.

இப்போது நடப்பில் இருப்பது 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டம். அதன்படி ஒரு வருஷம் முடித்த வெளிநாட்டுத் தொழிலாளிக்கு, வேலை முடிந்து போகும்போது, முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் சம்பளம். அதற்கு மேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள் சம்பளம். எல்லாம் சேர்ந்து இரண்டு வருஷச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. இங்கே சம்பளம் என்பது பேசிக் மட்டும். ரூம், சாப்பாடு, வண்டி என்று கான்ட்ராக்டில் பிரித்துப் போட்டிருக்கும் அலவன்ஸ் எதுவும் கணக்கில் வராது. ஓ.டி.யும் வராது.

பேசிக் 1,000 திர்ஹம் உள்ள ஒருவர் ஒரே கம்பெனியில் 20 வருஷம் இருந்தார் என்று வையுங்கள். முதல் ஐந்துக்கு 105 நாள். மீதிப் பதினைந்துக்கு 450 நாள். மொத்தம் 555 நாள், அதாவது பதினெட்டரை மாதச் சம்பளம். கைக்கு வருவது 18,500 திர்ஹம். அது நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல். வாலிபத்தை முழுவதும் கொடுத்ததற்கு அவ்வளவுதான். கல்யாண மண்டபம், சாப்பாடு, நகை என்று போனால் ஒரு கல்யாணத்துக்கே அது போதாது. சம்பளம் இல்லாத லீவில் ஊரில் இருந்த நாட்களையும் கழித்துவிடுவார்கள். ஆகவே சர்வீஸ் பணத்தை நம்பி வீடு திரும்பும் திட்டத்தைப் போடாதீர்கள். அது திரும்பிய பிறகு முதல் சில மாதங்களுக்கு மூச்சுவிட உதவும் பணம். அவ்வளவாகவே அதை எண்ணுங்கள்.

ஆனாலும் அது நம் பணம். ஒரு திர்ஹம்கூட விடாமல் வாங்க வேண்டிய பணம். பழைய சட்டத்தில், ஐந்து வருஷம் முடிக்காமல் நாமாக வேலையை விட்டால் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று குறைத்துக் கொடுத்தார்கள். புதிய சட்டத்தில் அந்தக் குறைப்பு இல்லை. நீங்களாக ராஜினாமா செய்தாலும் முழுத் தொகை உண்டு. வேலை முடிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் எல்லாப் பாக்கியையும் கம்பெனி கொடுத்தாக வேண்டும். இவ்வளவு சொல்லும் காரணம், "எல்லாம் வாங்கிக்கொண்டேன்" என்று அச்சடித்த காகிதத்தில் பணம் வருவதற்கு முன்பே நம் ஆட்கள் கையெழுத்துப் போடுவதுதான். அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, படிக்கத் தெரியவில்லை என்றால் படிக்கத் தெரிந்தவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை. தகராறு வந்தால் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம். 50,000 திர்ஹத்துக்கு உட்பட்ட வழக்கை 2024 முதல் அமைச்சகமே விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறது. நம்மைப் போன்றவர்களின் கணக்கு பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் வரும். பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைப்பதும் சட்டப்படி தப்பு. இதெல்லாம் யாரையும் எதிர்த்துக்கொள்ளச் சொல்வதற்காக இல்லை. உரிமை தெரிந்தவனிடம் பேசும்போது கணக்குப்பிள்ளையின் குரல் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ரத்தப் பரிசோதனையை விசா கேன்சல் ஆவதற்கு முன்பே செய்துகொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் அட்டை விசாவோடு போய்விடும். துபாயில் முன்பே கட்டாயமாக இருந்த மருத்துவக் காப்பீடு, ஷார்ஜா, அஜ்மான் உள்ளிட்ட வடக்கு எமிரேட்களுக்கும் 2025 ஜனவரியில் வந்துவிட்டது. சர்க்கரை, கொதிப்பு, சிறுநீரகம் மூன்றையும் பாருங்கள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்த உடம்பு, அதன் கணக்கை ஊருக்குப் போன பிறகுதான் கேட்கும். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு, போன் பில் எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கடன் தீர்ந்ததற்குக் கடிதம் வாங்குங்கள். அனுபவச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அதில் 'லேபர்' என்று பொதுவாக எழுதாமல், செய்த வேலையை எழுதச் சொல்லுங்கள். ஸ்காபோல்டிங், டக்ட், சில்லர், கேபிள் ஜாயின்டிங் என்று நம் கையில் இருக்கும் தொழிலுக்கு ஊரில் இன்று ஆள் கிடைப்பதில்லை. ஊரில் இறங்கியதும் என்ஆர்இ கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றவேண்டும், அது விதி. வங்கிக்குத் தெரிவிக்காமல் அப்படியே ஓட்டாதீர்கள்.

அரசாங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015-இல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வின்படி, சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டுக்காரர்கள் வெளிநாடுகளில் இருந்தார்கள். இத்தனை பேரில் திரும்பி வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க நெடுங்காலம் ஆளில்லை. பக்கத்துக் கட்டில் மலையாளிச் சேட்டனைப் பாருங்கள். 2008-இல் கேரளம் சட்டமே போட்டு வெளிநாட்டில் உழைப்பவர்களுக்கு நல வாரியம் வைத்தது. மாதாமாதம் சந்தா கட்டினால் அறுபது வயதில் பென்ஷன். நமக்குத் தாமதமாகத்தான் அயலகத் தமிழர் நல வாரியம் வந்தது. வந்தது நல்லது. ஆனால் நம் கேம்பில் அதில் பதிவு செய்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இங்கே இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். ஜனவரி 12-இல் அயலகத் தமிழர் தினம் கொண்டாடும் அரசு, மேடையில் தொழிலதிபர்களைப் பாராட்டும் அதே நாளில், திரும்பி வந்த கொத்தனாருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் பென்ஷன் பற்றி அறிவிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அதைக் கேட்கும் குரல் நம்மிடமிருந்துதான் எழும்ப வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். காசைவிட இது கடினமானது.

லீவில் போவது வேறு, திரும்பிப் போவது வேறு. லீவில் நாம் விருந்தாளி. ஏர்போர்ட்டுக்கு வேன் பிடித்து வருகிறார்கள். தினமும் கறிசோறு. பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி உட்காருகிறார்கள். நாற்பது நாளில் நாம் கிளம்பிவிடுவோம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் எதற்கும் முகம் சுளிப்பதில்லை. இனிமேல் அப்படி இருக்காது. நாம் இல்லாத வீட்டை ஒரு பெண் இத்தனை வருஷம் நடத்தியிருக்கிறாள். மேஸ்திரியிடம் பேசி வீடு கட்டியது அவள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது அவள். நம் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிப் போனது அவள். நாம் பணம் அனுப்பினோம். அந்தப் பணத்தை வீடாகவும் படிப்பாகவும் ஆக்கியது அவள்தான். திரும்பிய மறுநாளே "இனி எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று சாவியை வாங்க நினைக்காதீர்கள். அவளிடம் கேட்டுக் கேட்டு நடங்கள். ஊரில் எந்தக் கடையில் கணக்கு, எந்த வாத்தியார் நல்லவர், எந்தச் சொந்தக்காரர் கடன் வாங்கித் திருப்பித் தரமாட்டார் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்.

பிள்ளைகளும் அப்படித்தான். போனில் "அப்பா, அப்பா" என்று உருகியவர்கள் நேரில் விலகி நிற்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த அப்பா ஒரு குரலும் ஒரு முகமும்தான். சத்தம் போட்டு அதிகாரம் பண்ணினால் அந்தக் குரலும் போய்விடும். பக்கத்தில் இருங்கள், அது போதும். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். சாயங்காலம் கூட்டி வாருங்கள். ஓரிரண்டு வருஷம் ஆகட்டும், அவசரமில்லை.

உண்மையான சம்பளத்தை இன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். பேசிக் எவ்வளவு, ஓ.டி. எவ்வளவு, ரூமில் எட்டுப் பேர் படுக்கிறோம், மத்தியானத்துக்குப் பருப்பும் குப்பூஸும் என்று உள்ளபடி சொல்லுங்கள். அவர்கள் மனசு கஷ்டப்படுமே என்று நாம் மறைக்கிறோம். மறைத்ததனால்தான் ஊரில் துபாய்க்காரர் வீடு என்ற பெயருக்காகச் செலவு ஏறுகிறது. நம் வியர்வையின் கணக்கு தெரிந்த எந்த மனைவியும் ஊருக்குக் காட்ட மூன்றாவது மாடி கேட்கமாட்டாள். பூட்டிக் கிடக்கும் மாடி வீடுகளை லெப்பைக்குடிக்காட்டிலிருந்து கீழக்கரை வரைக்கும் பார்த்திருக்கிறேன். அந்த மாடிக்குப் போன பணம் ஒரு போர் போட்ட வயலாகவோ ஒரு சின்னப் பட்டறையாகவோ இருந்திருந்தால், வீட்டுக்காரர் பத்து வருஷம் முன்பே வந்து சேர்ந்திருப்பார்.

இந்த ஊர் மீது எனக்குக் கோபமில்லை. வேலை இருக்கும் வரை இருக்கலாம், விசா முடிந்தால் கிளம்ப வேண்டும் என்று முதல் நாளே சொல்லித்தான் கூப்பிட்டது. இங்கே நான் பார்த்த மனிதர்கள் பெரியவர்கள். என் முதல் ஃபோர்மேன் பெஷாவர்க்காரர். வரைபடம் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். 2024 ஏப்ரல் மழையில் கேம்ப் வாசலில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, வங்காளதேசத்துச் சமையல்காரர் மாடியில் அடுப்பு வைத்து எல்லா நாட்டுக்காரர்களுக்கும் கிச்சடி ஆக்கிப் போட்டார். காசு வாங்கவில்லை. இந்த நகரத்தின் சுவர்களுக்குள் ஓடும் கம்பியிலும் குழாயிலும் நம் கைவேலை இருக்கிறது. திறப்பு விழாக் கல்வெட்டில் நம் பெயர் இராது. ஆனால் பெரம்பலூர்ப் பக்கத்தில் பத்தாவதுகூடத் தாண்டாமல் ஈசிஆர் பாஸ்போர்ட்டில் வந்தவன், நாற்பது மாடிக் கட்டடத்துக்குக் கரண்ட் கொடுத்துவிட்டுப் போகிறேன். அதை என் பிள்ளைகளிடம் தலை நிமிர்ந்து சொல்வேன். நீங்களும் சொல்லுங்கள்.

மெஸ் கணக்கை முடித்துவிட்டேன். நோட்டு அறந்தாங்கித் தம்பியிடம் இருக்கிறது. என் கீழ்க் கட்டிலை முட்டி வலி உள்ள விழுப்புரத்து அண்ணனுக்குக் கொடுங்கள், புதிதாக வருகிறவர் மேலே ஏறட்டும். புதிதாக வருகிறவர் முதல் மாதம் ராத்திரியில் அழுவார். கேலி செய்யாமல் ஒரு டீ போட்டுக் கொடுங்கள். விசாவுக்கு எவ்வளவு கடன் வாங்கினார், அது எப்போது அடையும் என்று அவரோடு உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். திரும்பும் வருஷத்தையும் அப்போதே அவரையே எழுத வையுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது, சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த வருஷம், எந்த மாதம் திரும்புவது, அதற்குள் எந்தக் கடன் தீர வேண்டும், எவ்வளவு சேர வேண்டும், வந்து என்ன தொழில் செய்வது என்று மனைவியையும் வைத்துக்கொண்டு பேசி முடிவெடுங்கள். எடுத்த தேதியை எனக்கு அனுப்புங்கள். என் ஊர் நம்பர் எல்லோரிடமும் இருக்கிறது. அந்த மாதம் வந்ததும் நானே கூப்பிட்டு, டிக்கெட் போட்டாயா என்று கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் பெரம்பலூர் அண்ணன்